அடிக்குறிப்பு 214

யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி.
இரவு ஏழுக்கு எங்கள் காலை தொடங்கும்,
ஒஹாயோவில் அவர்கள் கோப்பி ஊற்றும் நேரம்.
என் வேலை அடிக்குறிப்புகள்:
காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே,
சொன்ன பக்கத்தில் சொன்ன வரி இருக்கிறதா.
கட்டுரை சரியா பிழையா என்பது
என் சம்பளத்தில் சேராது.

இந்த வாரப் பேராசிரியர்
வணிகம் என்ற ஒரே சொல்லைத் தோண்டுகிறார்.
அரசியலமைப்பை எழுதியவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதல்ல,
அது அவர்களோடு மண்ணுக்குள் போயிற்று, என்கிறார்.
எழுதிய அன்று சந்தையில் நின்றவன்,
குதிரைக்கு லாடம் அடித்தவன்,
வாசித்து என்ன விளங்கிக்கொண்டான்?
அதுதான் பொருள். அன்றே உறைந்துவிட்டது.

கலிபோர்னியாவில் ஒரு அம்மையார்
போன இதழில் கேட்டிருந்தார்:
சந்தையில் நின்றவனைக் கேட்டீர்கள், சரி.
அதே சந்தையில் விற்கப்பட நின்றவனை
எந்த அகராதியில் தேடினீர்கள்?
அதற்குப் பதில்தான் இந்த எண்பது பக்கம்.
ரிஸ்னா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
நாங்கள் இருக்கிற இந்த இடத்துக்கு
ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பெயர்,
தமிழில் கொம்பனித்தெரு.
"உன்ட பேராசிரியரிட்டக் கேள்,
ரெண்டில எது அசல் பொருளாம்?"

பழைய பத்திரிகைகளில் அந்தச் சொல்
நாலாயிரத்துப் பன்னிரண்டு தடவை என்று
அடிக்குறிப்பு 214 சொல்கிறது.
எண்ணினேன்.
நாலாயிரத்துப் பதினொன்று.
ஒன்று, கப்பலொன்றின் பெயர்.
ஓரத்தில் குறித்து அனுப்பினேன்.

பதில் வரும்வரை பிளேன்டீ.
எனக்கும் ஒரு சொல் இருந்தது, தோண்ட.
தற்காலிக.
எழுபத்தொன்பதில் வந்த சட்டம்
அதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது.
மூன்று வருடம் என்று ஒரு பிரிவு.
மூன்றாம் வருடம் பிரிவை வெட்டினார்கள்,
பெயரைத் தொடவில்லை.
ஆகவே பேராசிரியரின் முறைப்படி
சாதாரண ஆட்களிடம் போனேன்.

வெள்ளவத்தையில் ஒரு பஸ் தரிப்பிடப் பலகை:
தற்காலிகமாக இடம் மாற்றப்பட்டுள்ளது.
அதன்மேல் சாய்ந்து ஒரு வேம்பு பெருத்துவிட்டது.
ரிஸ்னாவின் வீட்டை இடித்தபோது கொடுத்த
தற்காலிக இருப்பிட அட்டை,
மூன்று தடவை புதுப்பித்தது.
துறைமுகத்தில் தற்காலிக எழுதுநர்
என் சித்தப்பா துரைராசசிங்கம், இருபத்தாறு வருடம்.
ஓய்வூதியம் கேட்ட அன்று மட்டும்
அந்தச் சொல்லை
எழுத்துக்கு எழுத்து வாசித்தார்கள்.

பிறகு மகசின் சிறையிலிருந்து
மச்சான் அகிலனின் கடிதம்:
இங்கிலிஷ் படிக்கலாமென்று இருக்கிறேன்,
அகராதி ஒன்று அனுப்பு.
சின்னதே போதும்,
தற்காலிகமாகத்தானே வைத்திருக்கிறார்கள்.

அடுத்த கடிதம், பதினாலு மாதம் கழித்து:
பெரியதையே அனுப்பு.

உறைந்தது எது, வளர்ந்தது எது
என்று இரண்டு கட்சியும் கதைக்கிறார்கள்.
இங்கே சொல் உறைந்தே இருக்கிறது, பேராசிரியரே,
ஓரெழுத்தும் நகரவில்லை.
உள்ளே இருக்கிற ஆளுக்குத்தான் நரைக்கிறது.
அம்மையாரே, உங்களிடமும் ஒன்று:
காலத்தோடு வளரும் பொருள் என்கிறீர்களே,
வளர்ந்ததைப் பார்த்தேன்.
வேம்பு போல.

இதையெல்லாம் எங்கே எழுதுவது?
ஓரத்தில் எனக்கு அனுமதிக்கப்பட்டது
இரண்டே வாக்கியம்:
ஆதாரம் தேவை.
மூலம் கிடைக்கவில்லை.

அதிகாலை மூன்றுக்குப் பதில் வந்தது.
நன்றி, மிகக் கூர்மையான கண் உங்களுக்கு.
ஆனாலும் கப்பலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்;
பெயர் வைத்தவனும்
பொருள் தெரிந்துதானே வைத்திருப்பான்.

சேர்த்தேன்.
நாலாயிரத்துப் பன்னிரண்டு.
அது என்ன ஏற்றிப் போனது என்று
அவர் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.
அடுத்தது, 215:
காற்புள்ளி ஒன்று கூட.